கட்டத்தைச் சிறிதாக்கினால் ஆழ்பச்சைய உச்சம் ஊசலாடுகிறது: கோளாறு நிரலிலா, சமன்பாட்டிலா?

#1 நீர்த்தூண்

வணக்கம். அடுக்குப் பிரிந்த கடல்நீரில் பைட்டோபிளாங்டன் (ஒளியில் உணவு தயாரிக்கும் மிதவை நுண்ணுயிர்கள்) எந்த ஆழத்தில் எவ்வளவு இருக்கும் என்று காட்டும் ஒருபரிமாண மாதிரி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று வாரமாக ஒரே முடிச்சில் நிற்கிறேன்.

அமைப்பு இதுதான். 300 மீட்டர் நீர்த்தூண். மேலிருந்து ஒளி, கீழிருந்து நைட்ரேட். ஒளி மீட்டருக்கு 0.045 என்ற கெழுவோடு மங்குகிறது. செல்கள் ஒன்றின்மேல் ஒன்று போடும் நிழலையும் சேர்த்திருக்கிறேன். ஒளி, நைட்ரேட் இரண்டில் எது தட்டுப்பாடோ அதுதான் வளர்ச்சியைத் தீர்மானிக்கும். செல்கள் நாளுக்கு 1 மீட்டர் வீதம் மூழ்குகின்றன. மேல் 50 மீட்டர் நன்றாகக் கலங்கிய அடுக்கு, அங்கே விரவல் கெழு (கலப்பு எவ்வளவு வலுவானது என்று காட்டும் எண்) நொடிக்கு 100 சதுர செ.மீ. அதற்குக் கீழே தெர்மோக்ளைனில் (வெப்பநிலை சட்டெனக் குறையும் அடுக்கு) வெறும் 0.1 சதுர செ.மீ. அடியில் நைட்ரேட் செறிவை மாறாமல் வைத்திருக்கிறேன்.

5 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து ஓட்டியபோது நல்ல விடை வந்தது. சுமார் 100 மீட்டரில் தடிமனான ஓர் உச்சம் (ஆழ்பச்சைய உச்சம், அதாவது பச்சையம் ஆழத்தில் குவியும் இடம்), சில ஆண்டு ஓட்டத்துக்குப் பிறகு அசையாமல் நின்றது. இன்னும் நுணுக்கமாகப் பார்க்கலாம் என்று கட்டத்தை அரை மீட்டராக்கினேன். உச்சம் மெலிந்தது. அதோடு நில்லாமல் மெல்ல மெல்லக் கீழே இறங்கி மங்குகிறது, சில மாதம் கழித்து மேலே இன்னொன்று முளைக்கிறது, அதுவும் இறங்குகிறது. பத்தாண்டு ஓட்டியும் அடங்கவில்லை.

நைட்ரஜன் வரவு செலவைச் சரிபார்த்துவிட்டேன், கணக்கு ஒத்துப்போகிறது. நேரப்படியை (ஒரு கணக்கீட்டிலிருந்து அடுத்ததற்கு உள்ள நேர இடைவெளி) பாதியாக்கினாலும் அதே அலைவு. நான் எதை நம்புவது, அசையாத தடித்த உச்சத்தையா, ஊசலாடும் மெல்லிய உச்சத்தையா?

#2 கயல்

இரண்டு கேள்வி. மூழ்குதலை எந்த முறையில் கணக்கிடுகிறீர்கள்? விரவலை வெளிப்படை முறையில் (பழைய மதிப்புகளிலிருந்து நேரடியாக) செய்கிறீர்களா, உள்ளார்ந்த முறையிலா (புதிய மதிப்புகளை ஒன்றாகத் தீர்த்து)?

#3 நீர்த்தூண்

மூழ்குதலுக்கு மேல்கட்ட முறை, அதாவது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அதற்கு மேலே இருக்கும் கட்டத்தின் செறிவை வைத்தே வரவு. முதலில் நடுவேறுபாட்டு முறைதான் (இருபுறக் கட்டங்களின் சராசரியை எடுப்பது) போட்டேன். 5 மீட்டர் கட்டத்தில் செறிவு எதிர்மதிப்புக்குப் போய்விட்டது, அதனால் மாற்றினேன். விரவல் உள்ளார்ந்த முறைதான். வெளிப்படையாகச் செய்தால் மேலடுக்கின் 100 சதுர செ.மீ. கெழுவுக்கும் அரை மீட்டர் கட்டத்துக்கும் நேரப்படி 12.5 நொடியைத் தாண்டக் கூடாது. பத்தாண்டு ஓட்டத்துக்கு அது கட்டுப்படியாகாது.

#4 கயல்

அப்படியானால் முடிச்சு எங்கே என்று ஊகிக்க முடிகிறது. உங்கள் முதல் விடை அழகாக இருந்ததற்குக் காரணம் கடல் இல்லை, கட்டம்.

மேல்கட்ட முறை எதிர்மதிப்பைத் தராது. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு: நீங்கள் கேட்காத விரவல் ஒன்றைத் தானாகச் சேர்த்துவிடும். அதன் அளவு மூழ்கும் வேகம் பெருக்கல் கட்ட உயரம், அதில் பாதி. நாளுக்கு 1 மீட்டர் என்றால் நொடிக்கு 0.00116 செ.மீ. கட்டம் 500 செ.மீ. பெருக்கிப் பாதியாக்கினால் நொடிக்கு 0.29 சதுர செ.மீ. வருகிறது. நீங்கள் கொடுத்த இயற்பியல் விரவல் 0.1. ஆக, போலி விரவல் உண்மையானதைப் போல மூன்று மடங்கு! தெர்மோக்ளைனில் 0.1 என்று எழுதிவைத்துவிட்டு 0.39இல் ஓட்டியிருக்கிறீர்கள்.

அரை மீட்டர் கட்டத்தில் அந்தப் போலி விரவல் 0.029ஆகக் குறைகிறது. அதாவது கட்டத்தைச் சிறிதாக்கியபோது துல்லியம் கூடியதோடு, உங்களுக்குத் தெரியாமலே கலப்பும் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

நடுவேறுபாட்டு முறை ஏன் எதிர்மதிப்பு தந்தது என்பதற்கும் இதுவே விடை. வேகம் பெருக்கல் கட்ட உயரம் வகுத்தல் விரவல் கெழு, இந்த எண் 2ஐத் தாண்டினால் அந்த முறை நெளியத் தொடங்கும். உங்களுக்கு அது 5.8.

ஒரு சோதனை செய்து பாருங்கள். அரை மீட்டர் கட்டத்திலேயே, பிளாங்டன் சமன்பாட்டில் மட்டும் விரவலை 0.36ஆக உயர்த்துங்கள் (மேல்கட்ட முறையின் மிச்சம் 0.03ஐச் சேர்த்தால் 0.39 ஆகிவிடும்). நைட்ரேட்டில் கை வைக்க வேண்டாம். நைட்ரேட் மூழ்குவதில்லை, அதனால் போலி விரவலும் அதைத் தொட்டதில்லை. பலரும் இங்கே இரண்டையும் சேர்த்து உயர்த்திவிடுவார்கள். அப்போது கீழிருந்து வரும் சத்தும் கூடிவிடும், சோதனை வேறு ஏதோ ஒன்றைச் சோதித்ததாகிவிடும்.

அப்புறம், மூழ்குதலுக்கு வரம்புக்காப்பு கொண்ட இரண்டாம் வரிசை முறை ஒன்றை (போலி விரவலைக் குறைத்து, எதிர்மதிப்பும் வராமல் காப்பது) போட்டு அரை மீட்டரிலும் கால் மீட்டரிலும் ஓட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அலைவு சமன்பாட்டுக்குச் சொந்தமானது.

#5 துளிர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும், இந்தத் துறைக்குப் புதியவள். உச்சம் ஏன் மேலே வராமல் 100 மீட்டருக்குப் போகிறது என்பதே எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஒளி மேலேதானே அதிகம்? இன்னொன்று, உச்சம் அங்கேதான் இருக்கும் என்று தெரிந்த பிறகு, மணிவடிவ வளைகோடு ஒன்றை அந்த ஆழத்தில் வைத்துவிட்டால் போதாதா?

#6 ஆழியன்

துளிர், மன்னிப்பெல்லாம் எதற்கு? இந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மேலே பேசிக்கொண்டிருப்பதில் பொருள் இல்லை.

மேலே ஒளி இருக்கிறது, சாப்பாடு இல்லை. கோடையில் சூடான நீர் மேலே மூடிபோல் படிந்துவிட்டால், அங்கிருக்கும் நைட்ரேட்டைச் செல்கள் சில வாரத்தில் தீர்த்துவிடும். அடுத்த பிடி கீழிருந்துதான் வர வேண்டும். வருவது எவ்வளவு மெதுவாக என்றால், 0.1 சதுர செ.மீ. விரவலில் 10 மீட்டர் ஏற ஏறக்குறைய 116 நாள்! அப்படி ஏறி வரும் நைட்ரேட்டை யார் முதலில் பிடிக்கிறார்கள்? ஒளி இன்னும் உயிர்பிழைக்கப் போதும் என்ற அளவில் இருக்கும் மிக ஆழமான இடத்தில் வாழ்பவர்கள். மங்குதல் கெழு 0.045 என்றால் ஒளி நூற்றில் ஒரு பங்காகும் ஆழம் 102 மீட்டர். உச்சம் அந்தப் பக்கத்தில் போய் நிற்பது தற்செயல் இல்லை. அங்கே இருப்பவர்கள் கீழிருந்து வருவதை வழிமறித்துவிடுகிறார்கள், மேலே இருப்பவர்கள் பட்டினி. நிழல் வேறு திசையில் வேலை செய்கிறது: மேலே பிளாங்டன் கூடினால் கீழே இருப்பவர்களுக்கு இருட்டு.

மணிவடிவக் கோட்டைப் பற்றி. 1980களிலிருந்து அதைப் பயன்படுத்துகிறார்கள், பயனும் உண்டு. செயற்கைக்கோள் பார்ப்பது மேல் ஒளியடுக்கை மட்டும்; மங்குதல் 0.045 என்றால் அது சுமார் 22 மீட்டர். 100 மீட்டரில் இருப்பது அதன் கண்ணில் படவே படாது. எனவே கப்பல் அளவீடுகளில் கிடைத்த வடிவத்தை வைத்துக் கீழே இருப்பதை ஊகிக்கிறார்கள். ஆனால் அந்தக் கோடு இருப்பதை விவரிக்கும், ஏன் இருக்கிறது என்று சொல்லாது. நாளை மேலடுக்கு இன்னும் சூடாகிக் கலப்பு குறைந்தால் உச்சம் எங்கே போகும் என்று அதனிடம் கேட்க முடியாது. அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நீர்த்தூண் இவ்வளவு பாடுபடுகிறார்.

வளர்ச்சி, இழப்பு, மூழ்குதல், கலப்பு நான்கையும் ஒரே ஆழச் சமன்பாட்டில் வைக்கும் வழி புதிது இல்லை. ரைலி, ஸ்டோமல், பம்பஸ் மூவரும் 1949லேயே வடமேற்கு அட்லாண்டிக்குக்கு இதைச் செய்தார்கள், கணிப்பொறி இல்லாத காலத்தில். 1953இல் ஸ்வெர்ட்ரூப் சொன்ன தீர்மான ஆழக் கருத்து இன்னும் புகழ்பெற்றது. ஆனால் அது நன்கு கலங்கிய அடுக்கில் வசந்தகாலப் பெருக்கம் எப்போது தொடங்கும் என்பதைப் பற்றியது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

#7 நீர்த்தூண்

கயல், சோதனை முடிந்தது. பிளாங்டனுக்கு மட்டும் விரவலை உயர்த்தியதும் அரை மீட்டர் கட்டத்திலும் அந்தப் பழைய தடித்த உச்சம் திரும்ப வந்து அசையாமல் நிற்கிறது. பார்த்துவிட்டுச் சற்று நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். முதல் மாதம் முழுக்க நான் விளக்க முயன்றது கட்ட அளவின் விளைவை.

வரம்புக்காப்பு முறையில் அரை மீட்டர், கால் மீட்டர் இரண்டும் ஊசலாடுகின்றன. உச்சம் தோன்றும் நாள்கள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, ஆனால் இரண்டு உச்சங்களுக்கு இடையிலான காலமும் அவற்றின் வீச்சும் ஒத்திருக்கின்றன. இதை ஒத்துப்போவதாகக் கொள்ளலாமா?

#8 கயல்

கொள்ளலாம். தொடக்க நிலையில் நூலிழை மாறினாலும் பாதை விலகிப்போகும் வகை அலைவாக இருந்தால் நாள் பொருந்தாது. புள்ளிவிவரங்கள் பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்க வேண்டும்.

#9 ஆழியன்

இந்த அலைவை முதலில் கண்டவர் நீங்கள் இல்லை, அதனால் கவலை வேண்டாம். 2006இல் ஹுயிஸ்மானும் அவர் குழுவும் நேச்சர் இதழில் காட்டியது ஏறக்குறைய இதையே. கலப்பைக் குறைத்துக்கொண்டே வந்தால் ஆழ்பச்சைய உச்சம் நிலைத்தன்மையை இழந்து அலையத் தொடங்குகிறது, இன்னும் குறைத்தால் ஒழுங்கற்ற அலைவாகிறது.

காரணத்தை யோசித்தால் மிக இயல்பானது. செல் நாளுக்கு 1 மீட்டர் இறங்குகிறது, 10 மீட்டரைப் பத்து நாளில் கடக்கிறது. நைட்ரேட் அதே 10 மீட்டரை ஏற 116 நாள் எடுக்கிறது. கூட்டம் கீழே இறங்கி இருட்டில் கரைகிறது. வழிமறிக்க யாரும் இல்லாததால் நைட்ரேட் மெதுவாக அவர்களைத் தாண்டி மேலே, ஒளி உள்ள இடத்துக்கு ஏறுகிறது. அங்கே மிச்சமிருந்த சில செல்கள் பெருகுகின்றன, நைட்ரேட்டைத் தீர்க்கின்றன, அவையும் இறங்குகின்றன. கலப்பு கூடுதலாக இருந்தால் இறங்கும் செல்களில் ஒரு பங்கு மேலே தள்ளப்பட்டுக்கொண்டே இருக்கும், வட்டம் உடையும். உங்கள் போலி விரவல் செய்தது அதைத்தான்.

என் பார்வையில் உங்கள் ஊசலாட்டம்தான் உண்மைக்கு நெருக்கமான விடை. வெப்பமண்டலக் கடல்களில் அடுக்குப்பிரிவு வலுத்துவருகிறது. அங்கே இந்த அலைவுகளை நாம் எதிர்பார்க்க வேண்டும்.

#10 நுண்ணோக்கி

> உங்கள் ஊசலாட்டம்தான் உண்மைக்கு நெருக்கமான விடை

இதில் உடன்பட முடியவில்லை, ஆழியன். சமன்பாட்டுக்கு உண்மையான விடை என்று சொல்லுங்கள், ஏற்கிறேன். கடலுக்கு என்று சொல்லும் முன் அந்த நாளுக்கு 1 மீட்டர் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாமா?

ஸ்டோக்ஸ் விதிப்படி மூழ்கும் வேகம் விட்டத்தின் இருபடியாகப் போகும். நீரைவிடக் கனமீட்டருக்கு 50 கிலோ அடர்த்தி கூடுதலான, 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள உருண்டை நாளுக்கு ஏறக்குறைய 0.9 மீட்டர் இறங்கும். நடுத்தர டயாட்டம் (சிலிக்கா ஓடு கொண்ட பாசி) ஒன்றுக்கு உங்கள் எண் பொருந்தும். ஆனால் நீங்கள் வரைந்திருப்பது தெளிந்த, சத்துக் குறைந்த கடல். அங்கே ஆழ்பச்சைய உச்சத்தில் மிகுதியாக இருப்பது புரோக்ளோரோகாக்கஸ். 1988இல்தான் விவரிக்கப்பட்ட உயிர், விட்டம் சுமார் 0.6 மைக்ரோமீட்டர். அதே கணக்கைப் போட்டால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வராது. ஆயிரம் மடங்கு வேறுபாடு! 10 மீட்டர் இறங்க முப்பது ஆண்டு ஆகும். அது மூழ்குகிறது என்று சொல்வதற்கே இடமில்லை.

மூழ்குதல் போனால் நீங்கள் விளக்கிய வட்டமும் போகிறது. உச்சம் இருக்கும், ஏனென்றால் அது ஒளிக்கும் சத்துக்கும் இடையிலான பேரம். ஊசலாட்டத்துக்குத்தான் மூழ்குதல் தேவை.

#11 ஆழியன்

நியாயமான கேள்வி. மூழ்கும் வேகத்தைப் பற்றிய என் பேச்சு பெரிய செல்களுக்கே பொருந்தும், அதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் பெரிய செல்களும் அந்த அடுக்கில் இருக்கின்றன. எண்ணிக்கையில் குறைவானாலும் அடியாழத்துக்குக் கார்பனை இறக்குவதில் அவற்றின் பங்கு பெரிது. ஒரே கூட்டமாக எழுதியதுதான் சிக்கல். இரண்டு கூட்டமாகப் பிரித்தால்?

#12 ஒளிமானி

பிரிப்பதற்கு முன் இன்னொரு கேள்வி. இந்த மாதிரியை எதோடு ஒப்பிடப்போகிறீர்கள்? மிதவைக் கருவியின் பச்சைய அளவீட்டோடு என்றால், நீங்கள் கணக்கிடுவது ஒன்று, அளப்பது வேறொன்று.

உங்கள் மாதிரியில் இருப்பது செல்களின் நிறை. கருவி பார்ப்பது பச்சையத்தின் ஒளிர்வு. மங்கலான ஒளியில் வளரும் செல் தனக்குள் நிறமியைக் கூட்டிக்கொள்ளும். தெளிந்த கடலின் மேற்பரப்பில் கார்பனுக்கும் பச்சையத்துக்கும் உள்ள விகிதம் நூறுக்கும் மேல் போகும், 100 மீட்டரில் 50க்கும் கீழே இறங்கிவிடலாம். ஆகவே செல்களின் நிறை மேலிருந்து கீழ்வரை மாறாமல் இருந்தாலும் பச்சையத்தில் பெரிய உச்சம் தெரியும். சத்துக் குறைந்த கடல்களில் பச்சைய உச்சமும் நிறை உச்சமும் பல பத்து மீட்டர் விலகி நிற்பது வழக்கம், நிறை உச்சம் மேலே இருக்கும். 2003இல் ஃபென்னலும் பாஸும் நிலைத்த தீர்வுகளை வைத்து இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்கள். உங்களுடைய 100 மீட்டர் எதனுடைய உச்சம்?

அளவீட்டிலும் பொறி உண்டு. உச்சிவேளை வெயிலில் மேற்பரப்புச் செல்கள் தங்களைக் காத்துக்கொள்ள ஒளிர்வைக் குறைத்துக்கொள்ளும். அதைத் திருத்தாமல் விட்டால் மேலே பச்சையம் குறைவாகவும், ஒப்பீட்டில் ஆழ உச்சம் இன்னும் கூர்மையாகவும் தெரியும். முடிந்தால் இரவு அளவீடுகளை எடுங்கள். ஒளிர்மானிகளின் தொழிற்சாலை அளவுத்திருத்தம் உலகச் சராசரியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு மிகையாகக் காட்டுகிறது என்று 2017இல் ஒப்பிட்டுச் சொன்னார்கள், அதையும் கவனியுங்கள். நிறைக்கு ஒளிச்சிதறல் அளவீடு பக்கத்தில் வரும்.

சிறு குறிப்பு ஒன்று. ஒளியை நாள் சராசரியாகக் கொடுக்கிறீர்களா? வளர்ச்சிக் கோடு மேலே போகப்போக மட்டமாகும் வடிவம். சராசரி ஒளியில் கணக்கிட்ட வளர்ச்சி, வளர்ச்சிகளின் சராசரியைவிட எப்போதும் அதிகமாகவே வரும். உச்சத்தின் ஆழத்தில் ஒளி குறைவு என்பதால் அங்கே வேறுபாடு சிறிது. மேலே பெரிது.

#13 ஏரிமடு

கடல்காரர்களுக்கு நடுவில் ஏரியிலிருந்து ஒரு குரல். மூழ்கும் வேகத்தை மாறாத எண்ணாக வைக்கவே வேண்டுமா?

சூரிச் ஏரியில் பிளாங்டோத்ரிக்ஸ் ரூபெசென்ஸ் என்ற சிவப்புநிற நீலப்பசும்பாசி கோடையில் தெர்மோக்ளைனுக்குள் மெல்லிய அடுக்காக நிற்கும். செல்லுக்குள் காற்றுப்பைகள் இருப்பதால் அது மிதக்கும், இறங்கும், நடுவில் நிற்கும். ஒளி கூடினால் மாவுப்பொருள் சேர்ந்து கனத்து இறங்குகிறது, ஒளி குறைந்தால் அதைச் செலவழித்து ஏறுகிறது. தனக்கு வேண்டிய ஒளி எந்த ஆழத்தில் கிடைக்கிறதோ அங்கே தானே போய் நிற்கும். இதை நாளுக்கு 1 மீட்டர் என்று எழுத வழியே இல்லை. வேகத்தை ஒளியின் சார்பாக எழுத வேண்டும், குறியும் மாற வேண்டும்.

நகரத் தெரிந்த செல்களுக்கு 2001இல் கிளவுஸ்மையரும் லிட்ச்மேனும் எழுதிய அணுகுமுறை எனக்கு மிகவும் பிடித்தது. கலப்பு குறைந்த நீரில் எல்லாச் செல்களும் ஒரு மெல்லிய அடுக்காகச் சேர்ந்துவிடும் என்று வைத்துக்கொண்டு, எந்த ஆழத்தில் நின்றால் வேறு ஆழத்திலிருந்து யாரும் வந்து இடத்தைப் பறிக்க முடியாது என்று கேட்டார்கள். ஒளித் தட்டுப்பாடும் சத்துத் தட்டுப்பாடும் சமமாகும் ஆழம்தான் விடை. ஒருவித ஆட்டக் கோட்பாடு. கட்டம், நேரப்படி எதுவும் இல்லாமலே உச்சத்தின் ஆழம் கிடைத்துவிடுகிறது. உங்கள் எண்களை வைத்து அதைக் கணக்கிட்டு, மாதிரியின் விடையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் நிரலுக்கு நல்ல சோதனையாக இருக்கும்.

#14 துளிர்

இந்த இழையை இரண்டு முறை படித்தேன். இப்போது ஒரு சந்தேகம். கார்பன், பச்சைய விகிதம் மாறினாலே உச்சம் வந்துவிடும் என்றால், கலப்பு, மூழ்குதல் எல்லாம் தேவையே இல்லையா?

#15 ஒளிமானி

தேவை, துளிர். விகிதம் மாறுவது பச்சையத்தை மட்டும் கீழே இழுக்கும். நிறை எங்கே இருக்கிறது, அங்கே எவ்வளவு உற்பத்தி என்பதைத் தீர்மானிப்பது நைட்ரேட்டின் வரத்து. ஒரு கணக்கு: மீட்டருக்கு 0.1 மில்லிமோல் என்ற சரிவில் நைட்ரேட் கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.1 சதுர செ.மீ. விரவலில் சதுர மீட்டருக்கு நாளுக்கு 0.086 மில்லிமோல் மேலே வரும். பிளாங்டனில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள ரெட்ஃபீல்ட் விகிதம் 106க்கு 16ஐ வைத்தால் அது தாங்கக்கூடிய கார்பன் ஏறக்குறைய 7 மில்லிகிராம். மறுசுழற்சியில் திரும்பக் கிடைப்பது தனிக்கணக்கு, ஆனால் புதிதாக வருவதில் இதைத் தாண்ட முடியாது. உங்கள் மாதிரி இதைவிட அதிகப் புது உற்பத்தி காட்டினால், எங்கோ சத்து கசிகிறது.

#16 நீர்த்தூண்

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். எல்லோருடைய யோசனையையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன், ஒரே நாளில் எல்லாவற்றையும் சேர்த்தால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போகும் என்பதால்.

சிறு செல், பெரிய செல் என்று இரண்டு கூட்டமாக்கினேன். சிறியவை மூழ்குவதில்லை, பெரியவை நாளுக்கு 1 மீட்டர். சிறியவற்றை மட்டும் வைத்து ஓட்டினால் ஊசலாட்டம் முற்றிலும் நின்றுவிட்டது, நுண்ணோக்கி சொன்னபடியே. இரண்டையும் சேர்த்தால் சிறியவை நைட்ரேட்டை வழிமறித்துக்கொண்டு நிலையாக நிற்கின்றன. பெரியவை அவற்றுக்கிடையே சின்னச் சின்ன அலைகளாக வந்து போகின்றன. ஆழியன் சொன்ன அலைவு காணாமல் போகவில்லை, அடங்கிய குரலில் இருக்கிறது.

ஒளிக்கேற்ப நிறமி மாறும் விகிதத்தைச் சேர்த்த பிறகு பச்சைய உச்சம் 110 மீட்டர் பக்கம் நிற்கிறது. நிறை உச்சமோ 70 மீட்டருக்கு ஏறிவிட்டது, அதுவும் தட்டையாக. முதல் பதிவில் நான் 100 மீட்டர் என்று பெருமையாகச் சொன்னது இரண்டில் எதுவும் இல்லை.

ஏரிமடு சொன்ன சமநிலை ஆழத்தையும் கணக்கிட்டேன், சிறு செல்களுக்கு மாதிரியின் விடைக்குச் சில மீட்டர் அருகில் வருகிறது. நைட்ரேட் வரத்துக் கணக்கு ஒளிமானி கொடுத்த வரம்புக்குள் இருக்கிறது.

அடுத்து ஒளியைப் பருவத்தோடு மாற்றப்போகிறேன். ஒப்பிட ஹவாய்க்கு வடக்கே உள்ள அலோகா நிலையத்தின் தரவு, 1988 அக்டோபர் முதல் தொடர்ந்து எடுக்கிறார்கள். அங்கே உச்சம் கோடையில் ஒளியைத் தொடர்ந்து கீழே இறங்கிக் குளிர்காலத்தில் ஏறுகிறது.

#17 கயல்

பருவத்தைச் சேர்க்கும்போது கலங்கிய அடுக்கின் ஆழமும் மாறும். கெழு 100இலிருந்து 0.1க்கு விழும் அந்த எல்லையில், இரண்டு கட்டங்களுக்கு நடுவே விரவலைச் சாதாரண சராசரியாக எடுக்காதீர்கள், 50 வந்துவிடும், எல்லை ஓட்டையாகிவிடும். இசைச் சராசரி (தலைகீழ் எண்களின் சராசரியைத் தலைகீழாக்கியது) எடுங்கள், 0.2 வரும். மறுபடியும் கட்டம் கடலாக வேடம் போடுவதை நாம் பார்க்க வேண்டாம்.

#18 நீர்த்தூண்

இப்போதுதான் நிரலைத் திறந்து பார்த்தேன். சாதாரண சராசரிதான் இருக்கிறது. மாற்றி ஓட்டிவிட்டு வருகிறேன்.